சோவியத் ஒன்றியத்தில் கள்ளச்சந்தை நாணய மாற்று

சோவியத் ஒன்றியத்தில் கள்ளச்சந்தை நாணய மாற்று என்பது, அரசின் அனுமதியின்றித் தனி மனிதர்கள் வெளிநாட்டு நாணயங்களையும், தங்க நாணயங்களையும், வெளிநாட்டு நாணயத்துக்கு ஈடாக அரசு வழங்கிய சான்றிதழ்களையும் ரூபிளுக்கு வாங்கி விற்ற வணிகத்தைக் குறிக்கும். வெளிநாட்டு நாணயத்தின் மீது அரசு முற்றுரிமை கொண்டிருந்தமையால் இவ்வணிகம் குற்றமாகக் கருதப்பட்டது. 1961 ஆம் ஆண்டு முதல் இதற்கு மரண தண்டனையும் விதிக்கப்படலாயிற்று. எனினும் இவ்வணிகம் முற்றாக ஒழியவில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் நாணய மாற்று சட்டபூர்வமான தொழிலாயிற்று. போலந்து, செக்கோசிலவாக்கியா, கிழக்கு ஜெர்மனி, சீனா முதலிய பிற பொதுவுடைமை நாடுகளிலும் இதையொத்த சந்தைகள் இருந்தன.

பெயர்கள்

நாணய வணிகத்தில் ஈடுபட்டோர் ரஷ்ய மொழியில் "வலூத்சிக்" எனப்பட்டனர். இது வெளிநாட்டு நாணயத்தைக் குறிக்கும் "வலூத்தா" என்னும் சொல்லிலிருந்து வந்தது. வெளிநாட்டவரிடமிருந்து உடைகள், இசைத்தட்டுகள், சிகரெட்டுகள் போன்றவற்றை வாங்கி விற்றோர் "ஃபார்சோவ்ஷிக்" எனப்பட்டனர். விற்பனைக்கு எனப் பொருள்படும் "ஃபார் சேல்" என்னும் ஆங்கிலத் தொடரின் திரிபே இச்சொல் என்பது பரவலான கருத்து; ஒடெசா நகரப் பேச்சு வழக்கிலிருந்து வந்தது என்போரும் உண்டு. நடைமுறையில் ஒருவரே இரு தொழில்களையும் செய்வதுண்டு. டாலருக்குப் "பச்சை" என்றும் "முட்டைக்கோசு" என்றும் மறைபெயர்கள் வழங்கின. வெளிநாட்டில் செல்லுபடியாகாத ரூபிளை மக்கள் "மர ரூபிள்" எனக் கேலியாகக் குறிப்பிட்டனர்.

பின்னணி

இரு மதிப்புகள்

சோவியத் ரூபிள் பிற நாணயங்களாக மாற்றத்தக்க நாணயம் அன்று. 1918 ஏப்ரலில் வெளிநாட்டு வணிகம் முழுவதும் அரசின் முற்றுரிமை ஆக்கப்பட்டது. எண்ணெய், மரம், தங்கம் ஆகியவற்றை வெளிநாடுகளுக்கு விற்றுப் பெற்ற நாணயம் அரசிடமே சென்று சேர்ந்தது. பொருளை உற்பத்தி செய்த நிறுவனத்துக்கு உள்நாட்டு விலைப்படி ரூபிள் மட்டுமே வழங்கப்பட்டது. எனவே ரூபிளின் அதிகாரபூர்வ மாற்று வீதம் வாங்குவோரும் விற்போரும் கூடித் தீர்மானித்த விலையன்று. அது கணக்கு வைப்பதற்காக அரசு அறிவித்த ஓர் எண் மட்டுமே.

1950 மார்ச்சு 1 முதல் ஒரு டாலருக்கு 4 ரூபிள் என்னும் வீதம் நடைமுறையில் இருந்தது. 1961 சனவரி 1 அன்று நிகழ்ந்த நாணயச் சீர்திருத்தத்தில் 10 பழைய ரூபிள் 1 புதிய ரூபிள் ஆக்கப்பட்டது. இதன்படி ஒரு டாலரின் மதிப்பு 40 கோப்பெக்காகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் அது 90 கோப்பெக்கு என அறிவிக்கப்பட்டது. அதாவது, சீர்திருத்தத்தின் ஊடே ரூபிளின் வெளிநாட்டு மதிப்பு பாதிக்கும் கீழாகக் குறைக்கப்பட்டது. அப்படியிருந்தும் தெருவில் ஒரு டாலருக்கு அதைவிட மிகுதியான ரூபிள்கள் கொடுக்க ஆட்கள் இருந்தனர்.

தேவைக்கான காரணங்கள்

உள்நாட்டில் ஊதியம் பெற்ற மக்களிடம் ரூபிள் இருந்தது. கடைகளில் அவர்கள் விரும்பிய பொருள்கள் இல்லை. 1980 இல் சராசரி மாத ஊதியம் ஏறத்தாழ 169 ரூபிள் ஆகும். வெளிநாட்டு ஜீன்ஸ் காற்சட்டை ஒன்று கள்ளச்சந்தையில் ஏறக்குறைய ஒரு மாத ஊதியத்துக்கு விற்றது. வெளிநாட்டுப் பொருள்களைப் பெறும் வழிகளுள் ஒன்று வெளிநாட்டு நாணயம். வெளிநாடு செல்லும் சோவியத் குடிமக்களுக்கு மிகச் சிறிய தொகையே சட்டப்படி மாற்றித் தரப்பட்டமையால், அவர்களும் கள்ளச்சந்தையை நாடினர். தம் சேமிப்பைப் பாதுகாக்க விரும்பியோர் தங்க நாணயங்களை வாங்கினர். 1947 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில், கையிலிருந்த ரொக்கம் பத்தில் ஒரு பங்காக மாற்றப்பட்டதை அவர்கள் மறந்திருக்கவில்லை.

வரலாறு

புதிய பொருளாதாரக் கொள்கைக் காலம்

1921 இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ்த் தனியார் வணிகம் ஓரளவு அனுமதிக்கப்பட்டது. 1922 இல் செர்வோனெத்ஸ் என்னும் நாணயம் வெளியிடப்பட்டது. இது பேரரசுக் காலத்துப் பத்து ரூபிள் தங்க நாணயத்துக்கு நிகராக, 7.74 கிராம் தூய தங்கத்தின் மதிப்புடையதாக வரையறுக்கப்பட்டது. செர்வோனெத்சின் மதிப்பைக் காப்பதற்காக அரசே தன் முகவர்கள் வாயிலாகச் சந்தையில் தங்கத்தையும் வெளிநாட்டு நாணயத்தையும் விற்றது. நிதி மக்கள் ஆணையகத்தில் இப்பணிக்குப் பொறுப்பாக இருந்தவர் லேவ் வோலின். 1926 இல் அரசின் கொள்கை மாறியது. செர்வோனெத்சை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வது தடை செய்யப்பட்டது. வோலின் கைது செய்யப்பட்டு அதே ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தோர்க்சின் கடைகள்

1930களின் தொடக்கத்தில் தொழில்மயமாக்கலுக்கு வேண்டிய இயந்திரங்களை வாங்க அரசுக்கு வெளிநாட்டு நாணயம் பெருமளவில் தேவைப்பட்டது. இதற்காக 1931 முதல் 1936 வரை தோர்க்சின் என்னும் அரசுக் கடைகள் இயங்கின. தொடக்கத்தில் வெளிநாட்டவருக்கென அமைந்த இக்கடைகள், பின்னர்த் தங்கமோ வெள்ளியோ வெளிநாட்டு நாணயமோ கொண்டு வரும் சோவியத் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1932-33 பஞ்சத்தின் போது மக்கள் திருமண மோதிரங்கள், சிலுவைகள், குடும்ப நகைகள் ஆகியவற்றை இங்கு கொடுத்து மாவும் ரொட்டியும் பெற்றனர். இக்கடைகளைப் பற்றி வரலாற்றாளர் எலேனா ஒசோக்கினா விரிவாக ஆய்வு செய்துள்ளார். தனி மனிதர் வெளிநாட்டு நாணயம் வைத்திருப்பதை ஐயத்துடன் நோக்கிய அரசு, அதைத் தானே பெறும்போது எவ்விதத் தடையும் விதிக்கவில்லை என்பதற்குத் தோர்க்சின் ஒரு முன்னுதாரணம் ஆகும்.

1957 இளைஞர் விழா

ஸ்டாலினின் மறைவுக்குப் பின் வெளிநாட்டவர் வருகை மெல்ல அதிகரித்தது. 1957 ஜூலை 28 முதல் ஆகத்து 11 வரை மாஸ்கோவில் நடைபெற்ற ஆறாவது உலக இளைஞர், மாணவர் விழாவுக்கு 131 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 34,000 பேர் வந்தனர். மாஸ்கோ இளைஞர் பலர் வெளிநாட்டவருடன் நேரில் பேசிப் பழகியது அதுவே முதல் முறை. உடைகளும் நினைவுப் பொருள்களும் கைமாறின; அவற்றுடன் நாணயமும் கைமாறியது. விழாவுக்குப் பின் மாஸ்கோவின் கார்க்கி தெருவிலும், இன்டூரிஸ்ட் விடுதிகளைச் சுற்றியும் நிலையான சந்தை ஒன்று உருவாயிற்று.

ரோக்கொத்தொவ் - ஃபைபிசென்கோ வழக்கு

மாஸ்கோ சந்தையில் பெயர் பெற்றவர்களுள் யான் ரோக்கொத்தொவ், விளாதிஸ்லாவ் ஃபைபிசென்கோ, திமித்ரி யாக்கொவ்லெவ் ஆகியோர் முதன்மையானவர்கள். ரோக்கொத்தொவ் ஸ்டாலின் காலத்தில் தொழிலாளர் முகாமில் தண்டனை அனுபவித்தவர். அவர் நேரடியாகத் தெருவில் நின்று வணிகம் செய்யாமல், வெளிநாட்டவரிடமிருந்து வாங்கி வரும் இளைஞர்களை இடையில் வைத்துக்கொண்டு, சேர்ந்த தொகையை மொத்தமாக விற்று வந்தார். நாணயக் குற்றங்களை விசாரிக்கும் பொறுப்பு அரசுப் பாதுகாப்புக் குழுவான கேஜிபியிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர் இவர்கள் கைது செய்யப்பட்டனர்.

1961 இல் மாஸ்கோ நகர நீதிமன்றம் இவர்களுக்கு 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இத்தண்டனை போதாது எனச் சோவியத் தலைவர் நிக்கிட்டா குருசேவ் சினமுற்றார். 1961 ஜூலை 1 அன்று சோவியத் ஒன்றிய உச்ச அவையின் தலைமைக்குழு ஓர் ஆணை பிறப்பித்தது. நாணய வணிகத்தைத் தொழிலாக நடத்துவோருக்கும், பெருந்தொகையில் நடத்துவோருக்கும் மரண தண்டனை விதிக்க அது வழிசெய்தது. தலைமை வழக்கறிஞர் ரொமான் ருதென்கோ முந்தைய தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். அதே மாதத்தில் ரஷ்யக் குடியரசின் உச்ச நீதிமன்றம் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

சட்டச் சிக்கல்

இவ்வழக்கு வணிகத்தின் அளவால் அன்றி, தீர்ப்பின் முறையால் வரலாற்றில் இடம் பெற்றது. ஒருவர் ஒரு செயலைச் செய்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டமே அவருக்குப் பொருந்தும். பின்னர் வந்த கடுமையான சட்டம் பின்னோக்கிச் செல்லாது என்பது பொதுவான குற்றவியல் கோட்பாடு. இது பிற நாடுகளின் கோட்பாடு மட்டுமன்று. 1958 இல் இயற்றப்பட்ட சோவியத் குற்றவியல் சட்ட அடிப்படைகளின் 6 ஆம் பிரிவும், தண்டனையைக் கூட்டும் சட்டம் பழைய செயல்களுக்குப் பொருந்தாது எனத் தெளிவாகக் கூறியிருந்தது. மூவரும் கைதானபோது அவர்களது குற்றத்துக்கு மரண தண்டனை இல்லை. அவர்கள் சிறையில் இருந்த காலத்திலேயே ஆணை வந்தது. சிறையில் இருந்தவர்கள் அதன்பின் புதிதாக எந்த வணிகமும் செய்திருக்க இயலாது. ஆகவே சோவியத் அரசு தன் சட்டத்தையே மீறித் தண்டனை வழங்கியது எனச் சட்ட அறிஞர்கள் இவ்வழக்கை எடுத்துக்காட்டுவர்.

ரஷ்யக் குடியரசின் குற்றவியல் சட்டத்தொகுப்பில் நாணயக் குற்றங்கள் 88 ஆம் பிரிவில் அடங்கின. சாதாரண நிலையில் 3 முதல் 8 ஆண்டுகள் வரையும், தொழிலாகவோ பெருந்தொகையிலோ செய்யப்பட்டால் 5 முதல் 15 ஆண்டுகள் வரையும் சிறை, அல்லது மரண தண்டனை என அது வகுத்தது. சொத்துப் பறிமுதலும் உண்டு.

சந்தையின் செயற்பாடு

வணிகத்தின் கணக்கு எளிமையானது. எடுத்துக்காட்டாக, சுற்றுலாப் பயணி ஒருவரிடம் 100 டாலர் உள்ளது எனக் கொள்வோம். 90 கோப்பெக்கு வீதத்தில் வங்கியில் அவருக்கு 90 ரூபிள் கிடைக்கும். தெருவில் ஒருவர் டாலருக்கு 3 ரூபிள் தந்தால் 300 ரூபிள் கிடைக்கும். வாங்கியவர் அதை டாலருக்கு 4 ரூபிள் என விற்றால் அவருக்கு 100 ரூபிள் மிஞ்சும். பயணி, இடைத்தரகர், இறுதியில் வாங்குபவர் ஆகிய மூவரும் தமக்கு ஆதாயம் எனக் கருதுவர். இழப்பு அரசு வங்கிக்கே. இம்மூவருள் எவருக்கும் காவல்துறையிடம் முறையிடக் காரணம் இல்லாமையே இவ்வணிகத்தை ஒழிக்க முடியாமைக்கு முதன்மைக் காரணமாகும்.

சந்தையில் வேலைப் பிரிவினை இருந்தது. விடுதி வாயில்களிலும் தெருக்களிலும் வெளிநாட்டவரை அணுகுவோர் கீழ்நிலையில் இருந்தனர். பெரும்பாலும் மாணவர்களும் இளைஞர்களுமான இவர்களே எளிதில் பிடிபட்டனர். இவர்களிடமிருந்து வாங்கிச் சேர்ப்போர் இடைநிலையிலும், பெருந்தொகையை வைத்திருப்போர் மேல்நிலையிலும் இருந்தனர். விடுதிப் பணியாளர்கள், வாடகைக்கார் ஓட்டுநர்கள் ஆகியோரும் இச்சங்கிலியில் இடம் பெற்றனர். இளம் பொதுவுடைமையாளர் அமைப்பான கொம்சொமோலின் தன்னார்வக் குழுக்கள் இவர்களைப் பிடிக்கச் சுற்றி வந்தன.

மாஸ்கோவுக்கு அடுத்து லெனின்கிராட் முதன்மையான மையமாகும். அங்கு ஃபின்லாந்துச் சுற்றுலாப் பயணிகள் பெருமளவில் வந்தனர். எசுத்தோனியாவின் தாலின் நகருக்கு 1965 இல் ஹெல்சிங்கியிலிருந்து கப்பல் போக்குவரத்து மீண்டும் தொடங்கியபின் அங்கும் சந்தை வளர்ந்தது. 1972 இல் அங்கு திறக்கப்பட்ட வீரு விடுதியில் வெளிநாட்டவரின் உரையாடல்களை ஒட்டுக்கேட்கும் கேஜிபி அறை ஒன்று இயங்கியது. இன்று அது அருங்காட்சியகமாக உள்ளது. ஒடெசா போன்ற துறைமுக நகரங்களில் கடலோடிகள் வாயிலாகப் பொருள்களும் நாணயமும் வந்தன.

மோசடிகள்

சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத சந்தையில் மோசடி பெருகியது. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது "பொம்மை" எனப்படும் முறையாகும். கட்டின் மேலும் கீழும் உண்மையான தாள்களை வைத்து, நடுவில் வெற்றுத்தாள்களை அடுக்கிக் கட்டிக் கொடுப்பதே இம்முறை. பணத்தை எண்ணிக் காட்டியபின், கைமாறும் நொடியில் சில தாள்களை மடித்து ஒளித்துக்கொள்வோர் "லோம்ஷிக்" எனப்பட்டனர். ஏமாற்றப்பட்டவர் புகார் செய்தால் தாமும் சட்டத்துக்குப் புறம்பான வணிகத்தில் ஈடுபட்டதை ஒப்புக்கொள்ள நேரிடும். எனவே அவர் வாய் திறப்பதில்லை.

பெரியோஸ்கா கடைகளும் சான்றிதழ்களும்

"சிறிய பிர்ச் மரம்" எனப் பொருள்படும் பெரியோஸ்கா என்னும் அரசுக் கடைகள் 1960களில் தொடங்கப்பட்டன. இவற்றுள் ஒரு வகை வெளிநாட்டவருக்கு வெளிநாட்டு நாணயத்தில் பொருள்களை விற்றது. மற்றொரு வகை, வெளிநாடுகளில் பணியாற்றித் திரும்பிய சோவியத் குடிமக்களுக்கானது. இவர்கள் ஈட்டிய வெளிநாட்டு நாணயத்தை அரசு பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகச் சான்றிதழ்களை வழங்கியது. அவற்றைக் கொண்டு பிற கடைகளில் கிடைக்காத உடைகள், வானொலிப் பெட்டிகள், மகிழுந்துகள் ஆகியவற்றைப் பெறலாம்.

சான்றிதழ்கள் ஒரே தரத்தவை அல்ல. மேற்கத்திய நாடுகளில் ஈட்டப்பட்ட ஊதியத்துக்குக் கோடில்லாத சான்றிதழும், சோசலிச நாடுகளில் ஈட்டப்பட்டதற்கு நீலக்கோடிட்ட சான்றிதழும், இந்தியா போன்ற, நாணயம் தடையின்றி மாற்றத்தகாத வளரும் நாடுகளில் ஈட்டப்பட்டதற்கு மஞ்சள் கோடிட்ட சான்றிதழும் வழங்கப்பட்டன. முகமதிப்பு ஒன்றாக இருப்பினும் வாங்கும் ஆற்றல் வேறுபட்டது. இவ்வாறு, கள்ளச்சந்தையை எதிர்த்த அரசே மூன்று வகைப் புதிய நாணயங்களை உருவாக்கியது. அவை ஒவ்வொன்றுக்கும் தெருவில் தனி விலை ஏற்பட்டது. பெரியோஸ்கா கடை வாயில்களே நாணய வணிகரின் புதிய களமாயின. 1977 முதல் சான்றிதழ்களுக்குப் பதிலாகக் காசோலைகள் வழங்கப்பட்டன. உழைப்பாளர் அனைவரும் சமம் எனக் கூறும் நாட்டில் சிலருக்கு மட்டும் தனிக்கடை இருப்பது கடும் விமரிசனத்துக்கு உள்ளானதை அடுத்து, 1988 இல் காசோலைக் கடைகள் மூடப்பட்டன.

பிற நாடுகள்

போலந்தில் 1950 அக்டோபர் 28 ஆம் நாள் சட்டம் வெளிநாட்டு நாணயத்தையும் தங்க நாணயத்தையும் அனுமதியின்றி வைத்திருப்பதையே தடை செய்தது. அவற்றின் வணிகத்துக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமளித்தது. 1956 இல் வைத்திருப்பதற்கான தடை நீங்கியது. 1972 முதல் பெவெக்ஸ் கடைகள் டாலரை வெளிப்படையாகப் பெற்றன. டாலரை எங்கிருந்து பெற்றார் எனக் கடை கேட்பதில்லை. ஆயினும் அதைத் தெருவில் விற்றவர் குற்றவாளியாகவே கருதப்பட்டார். அவர்கள் "சிங்க்சியாஷ்" எனப்பட்டனர். "பணம் மாற்று" என்பதற்கான ஆங்கிலத் தொடரின் திரிபே இச்சொல். 1989 மார்ச்சு 15 முதல் தனியார் நாணய மாற்று நிலையங்கள் சட்டபூர்வமாயின.

செக்கோசிலவாக்கியாவில் 1957 முதல் தூசெக்ஸ் கடைகள் இயங்கின. அவற்றின் "பொன்" எனப்படும் சீட்டுகளை விற்றோர் "வெக்ஸ்லாக்" எனப்பட்டனர். கிழக்கு ஜெர்மனியில் 1962 இல் இன்டர்ஷாப் கடைகள் தொடங்கின. 1974 இல் குடிமக்கள் மேற்கு ஜெர்மன் மார்க்கை வைத்திருக்க அனுமதிக்கப்பட்டனர். 1979 முதல் அவர்கள் அதை முதலில் காசோலையாக மாற்றிய பின்னரே பொருள் வாங்க வேண்டியிருந்தது. ருமேனியாவில் 1980களில் கென்ட் சிகரெட்டுப் பெட்டிகளே பணம் போல் கைமாறின. சீனாவில் 1980 முதல் வெளிநாட்டவருக்கெனத் தனி மாற்றுச் சான்றிதழ்கள் வெளியிடப்பட்டு, 1994 சனவரியில் நிறுத்தப்பட்டன. கியூபாவில் 1993 இல் டாலர் வைத்திருப்பது குற்றமல்ல என அறிவிக்கப்பட்டது. 2021 சனவரியில் அங்கு ஒரு டாலருக்கு 24 பெசோ என ஒரே வீதம் கொண்டுவரப்பட்டபின், தெரு விலை அதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது.

முடிவு

மிக்கைல் கொர்பசோவின் ஆட்சியில் அதிகாரபூர்வ வீதம் படிப்படியாகத் தெரு விலையை நோக்கி நகர்ந்தது. 1989 நவம்பர் 1 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு டாலருக்கு 6.26 ரூபிள் என்னும் சிறப்பு வீதம் அறிவிக்கப்பட்டது. இது அதற்கு முந்தைய வீதத்தைப் போல் பத்து மடங்காகும். 1991 இறுதியில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 ஜூலை 1 முதல் ரஷ்யாவில் பல வீதங்கள் நீக்கப்பட்டு, ஒரு டாலருக்கு ஏறத்தாழ 125 ரூபிள் என்னும் ஒரே வீதம் நடைமுறைக்கு வந்தது. நகரத் தெருக்களில் நாணய மாற்று நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றின் பலகைகளில் வாங்கும் விலையும் விற்கும் விலையும் எழுதி வைக்கப்பட்டன. 1961 இல் மூவர் உயிரிழக்கக் காரணமான அதே தொழில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் உரிமம் பெற்ற சாதாரணத் தொழிலாயிற்று.

மதிப்பீடு

இச்சந்தையைப் பற்றி இரு வகைக் கருத்துகள் உள்ளன. அரிதாகக் கிடைத்த வெளிநாட்டு நாணயம் மருந்து, இயந்திரம், தானியம் ஆகியவற்றை வாங்கப் பயன்பட வேண்டியது. அதைத் தனி மனிதர் திசைதிருப்பியது பொதுநலனுக்குக் கேடு என்பது சோவியத் அரசின் வாதம். விலையைச் சட்டத்தால் நிலைநிறுத்தி, பொருளைத் தட்டுப்பாட்டில் வைத்திருக்கும் எந்தப் பொருளாதாரத்திலும் கள்ளச்சந்தை தோன்றும். தண்டனையைக் கூட்டுவதால் இடர் மிகுந்து இடைத்தரகரின் ஆதாயமே கூடும் என்பது பொருளியலாளர் பலரின் கருத்து. அதிகாரபூர்வ வீதம் தெரு விலையை நெருங்கியபோது தெரு வணிகம் தானாகவே சுருங்கியமை இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.